ஓப்பன் உட்டாவில் தமிழ்ப் பாட்டு: சில வருடப் பாவனைக்குப் பிறகு

திருகோணமலை உப்புவெளியில் வீட்டு அறைக்குள் இருந்து மெட்டுப் போடுகிறவனுக்கு, பாடுகிற ஆளைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. மெட்டையும் சொற்களையும் கொடுத்தால் பாடித்தரும் மென்பொருளான ஓப்பன் உட்டாவை நான் எடுத்தது அதற்காகத்தான். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2008இல் ஜப்பானில் வந்த உட்டா என்ற பாடும் மென்பொருளுக்கென்று ரசிகர்கள் பதிந்து வைத்த குரல் வங்கிகளையும், அதாவது ஒருவரின் குரலில் பதிந்த ஒலித்துண்டுத் தொகுப்புகளையும், ஏற்றுக்கொள்ளும்.

ஜப்பானியக் குரலுக்கு அ, இ, உ, எ, ஒ ஐந்தும் நன்றாகவே வரும். வில்லங்கம் மெய்யெழுத்தில். 'கடல்' என்று பாடவிட்டால் 'கதரு' என்று வரும். அங்கே ட இல்லை, ல-ர வேறுபாடு இல்லை, சொல்லின் கடைசியில் ல் நிற்காது. கடலைப் பாடாமல் திருகோணமலையில் என்ன பாட்டு எழுதுவது? பக்கத்து வீட்டு அக்கா கேட்டுவிட்டு, "இந்தப் பிள்ளைக்குத் தடிமனோ தம்பி?" என்றா.

ஆங்கிலக் குரல் வங்கிக்கு மாறியதும் பாதி சரியாகிவிட்டது. கடைசி மெய் நிற்கிறது. அமெரிக்க உச்சரிப்பின் ஆர் ஒலியைப் போட்டால் ழ கிட்டத்தட்ட வந்துவிடும். நம்மட அறிவிப்பாளர் சிலரை விடவே திறம். ள, ண இரண்டுக்கும் இன்னும் வழியில்லை. கமகத்தைச் சுருதிக்கோட்டில் கையால்தான் வரைய வேண்டும், ஒரு வரிக்கே ஒரு பின்னேரம் போய்விடும். ஆனால் அந்த வேலைதான் எனக்குப் பிடித்தது. தானாக வரும் அதிர்வை நிறுத்திவிட்டு வரையுங்கள், இல்லாவிட்டால் எல்லா ராகமும் ஒரே நடுக்கம். செயற்கை நுண்ணறிவால் பாடும் டிஃப்சிங்கர் வகைக் குரல்கள் இயல்பானவை, ஆனால் கணினிக்குக் கணிப்பு வேலை கூட. கச்சான் காற்று வீசும் மாதங்களில் என் பழைய மடிக்கணினியில் சூட்டுக்குக் கை வைக்க ஏலாது.

மற்றவர்கள் செய்ததைத் தேட வோக்காடிபி. ரசிகர்களே தொகுக்கும் தரவுத்தளம் அது. மூலப்பாட்டு எது, அதை வேறு குரலில் பாடவைத்தது எது, ரீமிக்ஸ் எது என்று கோர்த்துக் காட்டும். குரல் வங்கியின் பெயரை வைத்தும் தேடலாம். ஒரு வங்கியை இறக்குமுன் அதில் ஆக்கள் என்னென்ன செய்திருக்கினம் என்று இப்படித்தான் பார்ப்பேன். ஹட்சுனே மிக்கு என்ற பாடும் கணினிக் குரலை வெளியிட்ட கிரிப்டன் நிறுவனமும் ஜப்பானின் ஆய்வு நிலையமான ஏஐஎஸ்டியும் சேர்ந்து 2019இல் தொடங்கிய, இப்படியான பாட்டுகளைத் தேடிக் கேட்கும் தளமான கீட்டே இன்னொன்று. பாட்டின் பல்லவிக் கட்டத்தை முதலில் போட்டுக் காட்டுவதால் கொஞ்ச நேரத்தில் நிறையக் கேட்கலாம்.

ஒவ்வொரு குரல் வங்கிக்கும் தனி நிபந்தனை உண்டு, சிலது வணிகப் பாவனைக்கு இடம் தராது. கோயில் திருவிழாவுக்குக் காசு வாங்கிச் செய்யும் பாட்டுக்கு இன்றைக்கும் ஆள் வைத்துத்தான் பாடுவிக்கிறேன்.