48 மெகாபிக்சல் என்று நம்பி வாங்கிய டிரெய்ல் கேமரா

தாளவாடிப் பக்கம் எங்கள் தோட்டத்தின் கடைசி வரப்பைத் தாண்டினால் காடு. வரப்பை ஒட்டி எங்கள் பட்டா நிலத்திலேயே சின்னக் குட்டை ஒன்று இருக்கிறது. மாசி பிறந்துவிட்டால் புள்ளிமானும் கடமானும் அங்கேதான் தண்ணீருக்கு வரும். காலையில் போனால் சேற்றில் குளம்புத் தடம் மட்டும் கிடக்கும். அந்த மான்களை ஒரு தடவையாவது கண்ணாரப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் போன ஜனவரியில் டிரெய்ல் கேமரா ஒன்று வாங்கினேன், விலங்கு குறுக்கே வந்தால் தானாகவே படம் எடுக்கும் கேமரா அது. விற்றவர் பெயர் வேண்டாம். 128 ஜிபி கார்டோடு சேர்த்து 9,800 ரூபாய். இந்த ஆசை உள்ள வேறு யாரும் என்னைப் போல ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெட்டியில் போட்டிருந்தது இது: 48 மெகாபிக்சல், முன்னால் அசைந்த 0.1 விநாடியில் படம், இரவில் 25 மீட்டர் வரை தெரியும், கண்ணுக்கே தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி.

முதல் வாரம் கார்டை எடுத்துப் பார்த்தால் வால், பின்னங்கால், வெறும் புல். குட்டையோரம் நின்ற ஒரே ஒரு கிடாய்மான் மட்டும் முழுசாக விழுந்திருந்தது. கோப்பு 8000க்கு 6000 புள்ளி என்று காட்டியது, சரி, கணக்குப்படி 48 மெகாபிக்சல்தான். ஆனால் பெரிதாக்கினால் முதுகுப் புள்ளிகள் ஒன்றோடொன்று இழைந்து, ஈரச் சுவரில் சுண்ணாம்பு வழிந்த மாதிரி இருந்தது. உள்ளே படத்தைப் பதியும் சென்சார் சில மெகாபிக்சல்தான் இருக்கும். மீதிப் பிக்சல்களை மென்பொருள் தானாகவே இட்டு நிரப்பிவிடுகிறது. விலை குறைந்த கேமராக்களில் இது சர்வசாதாரணம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வாங்கும்போது கேட்க வேண்டியது சென்சாரின் உண்மையான மெகாபிக்சலைத்தான்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "மான் வேகமா ஓடியிருக்குங்கண்ணா" என்றார். தண்ணீர் குடிக்க நின்ற மான் எங்கே ஓடும்? சந்தேகம் தீரட்டும் என்று கேமரா முன்னால் மீட்டருக்கு ஒரு கல் வைத்து, அக்கா மகனைக் குறுக்கே நடக்கச் சொன்னேன். அவன் நான்காவது கல்லைத் தாண்டிய பிறகுதான் படம் விழுந்திருந்தது, அதுவும் முதுகு மட்டும். சாதாரண நடைக்கு அது மூன்று விநாடி. இருட்டிய பிறகு மறுபடி நடக்கவைத்தால், பத்து மீட்டரிலேயே அவன் முகம் தெரியவில்லை.

அன்று இரவு எதிரே நின்று பார்த்தபோது கேமராவில் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள் மினுங்கின. 940 என்றால் அப்படித் தெரியாது. மங்கலான சிவப்பு தெரிந்தால் அது 850. அந்த ஒளி தூரம் எட்டும், படமும் கொஞ்சம் தெளிவாக இருக்கும், அது ஒரு குறையே இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லி வேறொன்றை விற்றது தப்பு. என் படங்களில் பாதிக்கு மேல் மான்கள் காதை முன்னால் விடைத்துக்கொண்டு கேமராவையே பார்க்கின்றன.

எல்லாப் பழியையும் அவர் மேல் போட மாட்டேன். சித்திரை வெயிலில் மான் இல்லாத நூற்றுக்கணக்கான படங்கள் வந்ததற்கு நான்தான் காரணம். இந்தக் கேமரா காத்திருப்பது உருவத்துக்கு அல்ல, அசையும் வெப்ப வித்தியாசத்துக்கு. சூடேறிய பாறைக்கு முன்னால் புல் ஆடினாலே போதும், படம் எடுத்துவிடும். மானின் உடல் சூடும் சுற்றுச் சூடும் ஏறக்குறைய ஒன்றாகும் நடுப்பகலில், மான் வந்தாலும் சில நேரம் விட்டுவிடும். எதிரே இருந்த புல்லை வெட்டி, இடுப்புயரத்தில் வடக்கு பார்த்து வைத்த பிறகு வெற்றுப் படங்கள் குறைந்தன.

ஆனால் அந்தக் கார்டை மன்னிக்கவே முடியவில்லை. ஒரு மாதம் கழித்துக் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன, திறந்தால் ஒன்றும் வரவில்லை. கார்டின் உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபுள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். 128 ஜிபி என்று காட்டிய கார்டில் உண்மையில் இருந்தது 8 ஜிபிகூட இல்லை. அது நிறைந்த பிறகு எழுதியதெல்லாம் போச்சு. புது கார்டு எதுவானாலும் காட்டுக்குக் கொண்டுபோகும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். சில மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, இன்னும் 4,000 கொடுத்தால் சிம் போடும் கேமராவாக மாற்றித் தருகிறேன் என்றார். போனுக்கே படம் வருமாம். அதன் விவரத்தைப் பார்த்தால் 2ஜி, 3ஜி மட்டும். எங்கள் தோட்டத்தில் எடுப்பது ஜியோ மட்டும்தான், அதில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. வேண்டாம் என்றுவிட்டேன். அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பில், பெட்டி, அந்தக் கார்டு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

வாங்கப் போகிறவர்கள் அதே மாடலில் இரவில் எடுத்த வீடியோ கோப்பை, வாட்ஸ்அப்பில் சுருங்கியதாக இல்லாமல் அப்படியே கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கேமரா வைக்காதீர்கள், மான் வரும் இடத்தையும் வெளியே சொல்லாதீர்கள்.

மாசியில் ஒருநாள் காலை, குட்டைச் சேற்றில் பெரிய கடமான் குளம்புத் தடத்தை ஒட்டி இரண்டு விரல் அகலத்தில் ஒரு குட்டித் தடம் இருந்தது. அந்த இரவின் படங்களில் ஒன்று மட்டும் பாதி திறக்கிறது. தாயின் காதும் நெற்றியும் தெரிகின்றன. அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம்.