பேராதனைத் தோட்டம் போகிறவர்கள் ஆட்டோ விஷயத்தில் கவனமாக இருங்கள்

அப்பா பொள்ளாச்சியில் 40 வருடமாகத் தென்னை விவசாயம் செய்பவர். பேராதனைத் தாவரவியல் பூங்காவில் சீஷெல்ஸ் தீவின் இரட்டைத் தேங்காய் மரங்கள் இருக்கின்றன, காய் முற்றவே 6, 7 வருடம் ஆகும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அதைப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்காகவே போன மாதம் கண்டிக்குப் போனோம்.

கண்டி டவுனில் ஆட்டோ பிடித்தோம். டிரைவர் நன்றாகத் தமிழ் பேசினார். கொஞ்ச தூரம் போனதும், "மழையில மரம் விழுந்து உள்ள பாதி மூடிக் கிடக்குது ஐயா. அவங்களோட மூலிகைத் தோட்டம் தனியா இருக்குது. அரசாங்கத்தோடதுதான், டிக்கெட்டும் இல்ல" என்றார். பேராதனை கேட்டைத் தாண்டும்போது ஆட்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். கேட்டதற்கு, "அவங்க ஸ்கூல் டூர்" என்றார். அங்கேயே இறங்கியிருக்க வேண்டும்.

கடுகண்ணாவை மலை இறங்கி மாவனெல்லைப் பக்கம் ஒரு தனியார் வாசனைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டார். நாலு ஏலக்காய்ச் செடி, ஒரு கோகோ மரம், மிளகுக் கொடி. பத்து நிமிடத்தில் அது முடிந்தது. பிறகு உள்ளே உட்கார வைத்து, 'வைத்தியர்' என்று ஒருவர் வந்தார். அப்பா காலைச் சாய்த்து நடப்பதைப் பார்த்ததும் முட்டியில் எண்ணெய் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். மூன்று மாதம் தேய்த்தால் ஆபரேஷனே வேண்டாம் என்று அடித்துச் சொன்னார். வலியோடு இருக்கிற மனுஷனிடம் இப்படிப் பேசுவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்பா நம்பினார். மூன்று சின்ன பாட்டில், இலங்கைப் பணத்தில் 27,000 ரூபாய். நம் பணத்துக்கு 7,000-க்கு மேல். தேய்த்துவிட்ட பையனுக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். அறைக்கு வந்து பார்த்தால் பாட்டிலில் தயாரித்தவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. பில்லும் தரவில்லை.

திரும்பி பேராதனைக்கு வரும்போது மணி 4. மூடும் நேரம் நெருங்கிவிட்டது. மரம் எதுவும் விழவில்லை, எந்தப் பகுதியும் மூடவில்லை என்று டிக்கெட் கவுன்டரில் சொன்னார்கள். வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்ளூர்க்காரர்களுக்கானதைவிடப் பல மடங்கு. அதையும் கட்டி உள்ளே போனோம். மகாவலி ஆறு வளைத்து ஓடும் 147 ஏக்கர் தோட்டம் அது. முட்டிவலியோடு மிச்ச நேரத்தில் எவ்வளவு நடக்க முடியும்? புல்வெளியில் குடை விரித்த மாதிரி படர்ந்து நிற்கும் அந்தப் பெரிய ஜாவா அத்தி வரைக்கும் போனோம். அப்புறம் விசில் ஊதிவிட்டார்கள். மறுநாள் காலையில் எங்களுக்கு ரயில். இரட்டைத் தேங்காயைப் பார்க்கவே இல்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பேராதனை கண்டியிலிருந்து 6 கிலோமீட்டர்தான். கொழும்பு ரோட்டின் மேலேயே கேட் இருக்கிறது, பஸ் அடிக்கடி வரும். ஆட்டோதான் வேண்டுமென்றால் செயலியில் கூப்பிடுங்கள், கட்டணம் முன்கூட்டியே தெரிந்துவிடும். வழியில் யார் என்ன சொன்னாலும் கேட் வரை போய் நீங்களே விசாரியுங்கள். டிக்கெட் இல்லாத இடம் பேராதனைத் தோட்டம் கிடையாது. ஜாதிக்காய், கிராம்பு மரங்கள் எல்லாம் அந்தத் தோட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன, அதற்காக வேறெங்கும் போக வேண்டியதில்லை. காலையிலேயே போய்விடுங்கள், அரை நாளாவது வேண்டும். ஏமாந்தால் சுற்றுலாத் துறையின் 1912 எண்ணுக்கு அன்றைக்கே கூப்பிடுங்கள். நான் ஊர் திரும்பிய பிறகுதான் அந்த எண்ணையே தெரிந்துகொண்டேன். ஆட்டோ நம்பரையும் குறித்து வைக்கவில்லை.