காய்ச்சலுக்கு 'ஹோம் கேர் பேக்கேஜ்' கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன வாரம் எங்கள் லேத் பட்டறையில் டர்னராக இருக்கும் தம்பி போனை நீட்டினார். "அண்ணா, பாப்பாவுக்கு மூணு நாளா காய்ச்சலுங்க. இதக் கட்டிரலாங்களா?" வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம். ஏழு நாள் பேக்கேஜ், தினமும் டாக்டர் வீடியோ கால், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள், பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2021-இல் கொரோனா சமயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் இதே மாதிரி ஒரு விளம்பரம்தான். கட்ட வேண்டாம், முதலில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள் என்று அனுப்பி வைத்தேன். அவருக்குச் சொன்ன காரணத்தை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இந்தப் பதிவு.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அந்த மே மாதக் கடைசி வாரம் மறந்திருக்காது. தினசரி கொரோனா எண்ணிக்கையில் கோவை சென்னையையே முந்திய வாரம் அது. ஒரே நாளில் நாலாயிரத்துக்கும் மேல். மே 24-இலிருந்து தளர்வில்லாத முழு ஊரடங்கு. பட்டறைக்குப் பூட்டு. 25-ஆம் தேதி எனக்குக் காய்ச்சல், மறுநாள் அம்மாவுக்கு. அம்மாவுக்கு அப்போது 63 வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை. 28-ஆம் தேதி இருவருக்கும் பாசிட்டிவ் என்று போன் வந்தது. மனைவியும் பிள்ளைகளும் கீழ் வீட்டில், நானும் அம்மாவும் மாடியில்.

அன்றைக்குச் சாயந்தரமே தெரிந்தவர் ஒருவர் வழியாக அந்த பேக்கேஜ் விவரம் வந்தது. நகரத்தில் உள்ள ஒரு தனியார் கிளினிக். பெயரை எழுதவில்லை. 14 நாளுக்கு ஆளுக்கு 12,500 ரூபாய். தினமும் டாக்டர் வீடியோவில் பார்ப்பார், நர்ஸ் இரண்டு வேளை போன் செய்வார், விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் ஆக்ஸிமீட்டர், மருந்துப் பெட்டி எல்லாம் வீடு தேடி வரும். இதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கடைசியில் ஒரு வரி இருந்தது: 'தேவைப்பட்டால் படுக்கை உறுதி.' ஊரில் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற நேரம். மூச்சு வாங்கினால் அம்மாவை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்ற பயம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அந்த ஒரு வரிக்காக 25,000 ரூபாயை ஜிபே செய்தேன். பணம் கிளினிக் பெயரில் உள்ள கணக்குக்குப் போகவில்லை. ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. பில் கேட்டேன், "கடைசியில சேர்த்துக் குடுத்துருவோம் சார்" என்றார்கள். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

மறுநாள் பெட்டி வந்தது. டாக்டரும் வீடியோவில் வந்தார். மாஸ்க் போட்ட முகம், பெயர் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "சளி இருக்கா, மூச்சு வாங்குதா, சரி, மருந்து அனுப்பியிருக்கேன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு மருந்துச் சீட்டு வந்தது. நான் 88 கிலோ, அம்மா 52 கிலோ. எனக்கு எந்த நோயும் கிடையாது, அம்மாவுக்குச் சர்க்கரை. ஆனால் இரண்டு சீட்டிலும் ஒரே மருந்து, ஒரே அளவு. ஐவர்மெக்டின், டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின், ஜிங்க், விட்டமின் சி, கூடவே மெத்தில்பிரெட்னிசோலோன் 16 மில்லிகிராம் காலையும் இரவும். பணம் கட்டும்போது நிரப்பிய படிவத்தில் அம்மாவுக்கு 'சுகர் உண்டு, மாத்திரை எடுக்கிறார்' என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். யாரும் அதைப் படிக்கவில்லை.

மெத்தில்பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் தயவு செய்து வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லி வையுங்கள். கொரோனாவில் ஸ்டீராய்டு உயிர் காத்தது உண்மைதான். இங்கிலாந்தில் நடந்த ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் அதைக் காட்டியது. ஆனால் பலன் கிடைத்தது ஆக்ஸிஜனிலும் வென்டிலேட்டரிலும் இருந்தவர்களுக்கு. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்றும் அதே ஆய்வுதான் சொன்னது. லேசான நோய்க்கு ஸ்டீராய்டு கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் 2021 மே 27 தேதியிட்ட வழிகாட்டுதலிலேயே எழுதியது. ஐவர்மெக்டினும் டாக்ஸிசைக்ளினும் அதில் பரிந்துரைக்கும் மருந்துகளின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. எங்களுக்கு மாத்திரை வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து.

மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை. பேக்கேஜுக்குள் என்று விளம்பரத்தில் இருந்தது. வந்த பையன், "இது வேறங்க சார், சிஆர்பி, டி-டைமர், ஃபெரிட்டின், ஐஎல்-6 எல்லாம் தனி" என்று ஆளுக்கு 4,800 வாங்கிக்கொண்டு போனான். அடுத்து சிடி ஸ்கேன். பாசிட்டிவ் ஆனவர்கள் வெளியே போகலாமா என்று கேட்டேன். "கார்ல போய்ட்டு வந்துருங்க சார், எல்லாரும் அப்படித்தான் எடுக்கறாங்க" என்றார்கள். காய்ச்சலோடு நானே காரோட்டிக்கொண்டு அம்மாவைக் கூட்டிப் போனேன். இரண்டு ஸ்கேனுக்கு 8,000. லேசான அறிகுறி உள்ளவர்கள் தேவையில்லாமல் சிடி எடுக்க வேண்டாம் என்று எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரன்தீப் குலேரியா அந்த மே மாதத் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார். எங்கள் வரைக்கும் அது வந்து சேரவில்லை.

அம்மாவின் ஸ்கேனில் 25-க்கு 6 என்று மதிப்பெண் வந்தது. அது லேசான பாதிப்பு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று போனில் வந்த குரல், "லங்ஸ்ல இறங்கிடுச்சு சார். ரெம்டெசிவிர் ஆறு வயல் போட்டே ஆகணும். நாங்க ரெடி பண்ணித் தர்றோம், வீட்டுக்கே நர்ஸ் வந்து போடுவாங்க. ஒரு வயல் 18,000" என்றது. ரெம்டெசிவிர் வைரஸுக்கு எதிரான ஊசி மருந்து, வயல் என்பது அதன் சின்னக் குப்பி. ஆறு வயலுக்கு 1,08,000. சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அரசு விற்றபோது ஒரு வயல் 1,568 ரூபாய். வாங்க வந்த கூட்டம் தாங்காமல் அந்த விற்பனையையே நிறுத்தி, மே பாதியிலிருந்து மருந்தை நேராக ஆஸ்பத்திரிகளுக்கே அரசு கொடுக்க ஆரம்பித்திருந்தது. வீட்டில் வைத்து ரெம்டெசிவிர் போடவே கூடாது என்று வீட்டுத் தனிமைக்கான அரசு வழிகாட்டுதல் தெளிவாகச் சொன்னது. உயிரைக் காப்பாற்றும் மருந்து என்றும் அது அன்றைக்கு நிரூபிக்கப்பட்டிருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே அதைப் பரிந்துரைக்க மறுத்திருந்தது.

மனைவியின் நகையை அடகு வைக்கலாம் என்று முடிவே செய்துவிட்டேன். ஊரடங்கில் அடகுக் கடை திறக்காததால்தான் அந்தப் பணம் தப்பித்தது.

ஜூன் 3-ஆம் தேதி அம்மா தடுமாற ஆரம்பித்தார். தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொம்பை வைத்துவிட்டுத் திரும்பும் முன் காலியாகிவிடும். இரவில் எட்டுத் தடவை பாத்ரூம். விடியும்போது பேச்சு குழறியது. "கண்ணு, கால் எங்கியோ போவுது" என்றார். கொரோனாதான் முற்றிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் ஆக்ஸிமீட்டரில் 98. கிளினிக்குக்குப் போன் போட்டேன், நீங்கள் உறுதி சொன்ன படுக்கை வேண்டும் என்றேன். "பெட் எதுவும் இல்லைங்க. அவைலபிளிட்டி இருந்தாத்தான்னு கண்டிஷன்ல போட்டிருக்கோமே, பாக்கலையா?" என்று வைத்துவிட்டார்கள். அதன் பிறகு அந்த எண்ணை எடுக்கவே இல்லை.

அன்று காலை மாநகராட்சியிலிருந்து வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்கும் பெண் வந்தார். தினமும் கேட்டுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போகிறவர். மாடியிலிருந்து நான் கத்தியதைக் கேட்டு, முகக் கவசத்துக்கு மேல் இன்னொன்றை மாட்டிக்கொண்டு படியேறி வந்தார். தன் கையில் இருந்த ஆக்ஸிமீட்டரை அம்மா விரலில் மாட்டினார். 95. எங்களுடையதை மாட்டினார். 98, நாடித்துடிப்பு 76. தன் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அம்மாவின் நாடியை எண்ணினார். 104. பிறகு சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து எங்கள் கருவிக்குள் சொருகினார். சிவப்பு வெளிச்சம் இரண்டு தடவை கண் சிமிட்டியது. 97 என்று காட்டியது. ஆறு நாளாக, இரவு இரண்டு மணிக்கும் எழுந்து எழுந்து அந்த எண்ணைப் பார்த்து, நோட்டில் எழுதி, நிம்மதியாகப் படுத்திருக்கிறேன்.

"அம்மாவுக்குச் சுகர் எப்பங்கண்ணா பாத்தீங்க?" என்று கேட்டார். பார்க்கவே இல்லை. விரலைக் குத்திப் பார்த்தார். 486. மாத்திரை அட்டைகளைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தவர், அந்த ஒரு அட்டையில் நின்றார். "இது ஸ்டீராய்டுங்கண்ணா. யாருங்க குடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே சுகாதார நிலைய டாக்டருக்குப் போன் போட்டார். ஒரு மணி நேரத்தில் 108 வந்தது.

அரசு மருத்துவமனையில் அம்மா ஆறு நாள் இருந்தார். அங்கே செய்தது சலைன், இன்சுலின், சர்க்கரையை மூன்று மணிக்கொரு தடவை பார்ப்பது, குப்புறப் படுக்க வைப்பது. ஆக்ஸிஜன் தேவைப்படவே இல்லை. எங்களிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கருப்புப் பூஞ்சை என்ற தொற்று பற்றிச் சொன்னார். கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் தேவையில்லாத ஸ்டீராய்டும் சேர்ந்தவர்களுக்கு அது வரும் ஆபத்து அதிகம், ஒன்றரை மாதத்துக்குத் தினமும் பாருங்கள் என்றார். கண் வீங்குகிறதா, மூக்கில் கருப்பாக ஏதாவது வருகிறதா, மேலண்ணத்தில் நிறம் மாறுகிறதா. தினமும் காலையில் டார்ச் எடுத்துக்கொண்டு, "அம்மா, வாயத் தொற" என்பேன். அம்மா சின்னக் குழந்தை மாதிரி தலையை அண்ணாந்து காட்டுவார். அந்த 45 நாள் நான் பட்ட பயம் காய்ச்சலில்கூடப் பட்டதில்லை. ஒன்றும் வரவில்லை. ஆனால் மாத்திரையோடு இருந்த அம்மாவுக்கு இரண்டு மாதம் இன்சுலின் ஊசி போட வேண்டியிருந்தது.

என் உடம்பு மெதுவாகத்தான் தேறியது. வாசனை சுத்தமாகப் போயிருந்தது. பட்டறையைத் திறந்த முதல் நாள், கட்டிங் ஆயில் வாசமே இல்லாமல் லேத் ஓடியபோது வேறு யாரோ ஒருவரின் இடத்தில் நிற்பதுபோல் இருந்தது. படியேறினால் நடுவில் நிற்க வேண்டும். ஏழு வாரம் கழித்து ஒரு நாள் கீழே தாளித்த கறிவேப்பிலை வாசம் மாடிக்கு வந்தது. ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன்.

மொத்தம் போனது 42,600 ரூபாய். ஒரு ரூபாய் திரும்பவில்லை. செப்டம்பரில் நேரில் போனபோது அந்த இடத்தில் மொபைல் கடை இருந்தது. பில் இல்லை, பணம் போனது தனி ஆள் கணக்குக்கு, எப்படி நிரூபிப்பது என்று மலைத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போகாமல் விட்டேன். அது தவறு. ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அந்த மருந்துச் சீட்டு எல்லாமே சாட்சிதான். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்பது மட்டும்தான். எனக்கு அந்தக் கெடு முடிந்துவிட்டது. இப்போது ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆரம்பியுங்கள். பணம் அனுப்பிய உடனே மோசடி என்று தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அந்த நிமிஷமே போன் செய்யுங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

வீடியோவில் பார்க்கும் டாக்டரின் பெயரையும் பதிவு எண்ணையும் முதலில் கேளுங்கள். 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் விதிப்படி மருந்துச் சீட்டில் பதிவு எண் இருந்தே ஆக வேண்டும். எங்கள் சீட்டில் கீழே ஒரு கிறுக்கல் மட்டும் இருந்தது. எண் கிடைத்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு யார் எந்த மாத்திரை கொடுத்தாலும், "இதுல ஸ்டீராய்டு இருக்குங்களா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆனால் ஏற்கெனவே பல நாளாகச் சாப்பிடுகிறவர்கள் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஆக்ஸிமீட்டர் வாங்கினால், அது காட்டும் நாடித்துடிப்பும் மணிக்கட்டில் எண்ணுவதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஆறு நிமிஷம் வீட்டுக்குள் நடந்துவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். அளவு 94-க்குக் கீழே போனால் யாருடைய வீடியோ காலுக்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டர்னர் தம்பியின் பாப்பாவுக்கு வெறும் வைரல் காய்ச்சல். சுகாதார நிலையத்தில் பாரசிட்டமால் சிரப் கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். நேற்றிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள்.

எங்கள் இரண்டு மருந்துச் சீட்டும் இன்னும் என் போனில் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு இப்படி ஏதாவது சீட்டு வந்து சந்தேகமாக இருந்தால் கேளுங்கள். பெயரை மறைத்து அனுப்பி வைக்கிறேன், பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.