பொள்ளாச்சி சினிமா லொகேஷன்களும் என் 125 சிசி ஸ்கூட்டரும்

படத்தில் பார்த்த சினிமா லொகேஷனைத் தேடிப் போக வண்டி வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும் பெரிய அட்வெஞ்சர் பைக்கைத்தான் கை காட்டுவார்கள். என்னிடம் இருப்பது கியர் இல்லாத 125 சிசி ஸ்கூட்டர். சில வருஷமாகப் பொள்ளாச்சி, ஆனைமலை, கொல்லங்கோடு, ஒற்றப்பாலம் என்று தனியாக இதில்தான் அலைகிறேன். மாற்றும் எண்ணம் இல்லை.

நமக்கு வேண்டிய இடம் மெயின் ரோட்டில் இருக்காது. பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் மேடு, தோப்புக்கு நடுவே ஓடும் மண் தடம், ஊர்க் கோடியில் ஒரு ஆலமரம், இப்படித்தான் இருக்கும். தாண்டிப் போன பிறகு "அட, இதே வளைவுதானே!" என்று உறைக்கும். அப்போது குறுகலான தடத்தில் காலை ஊன்றித் திருப்ப ஸ்கூட்டர்தான் லாயக்கு. கால் வைக்கும் இடத்தில் ட்ரைபாட், டிக்கியில் மழைக்கோட்டு, கொக்கியில் இளநீர்.

இன்னொரு லாபமும் உண்டு. ஜாக்கெட், கையுறையோடு பெரிய பைக்கில் போய் இறங்கினால் ஊரே ஒதுங்கி நின்று பார்க்கும். ஸ்கூட்டரில் போனால் ஏதோ விதைக் கம்பெனி ஆள் என்று நினைத்துக்கொண்டு தானாகவே பேச்சுக் கொடுப்பார்கள். ஆனைமலைப் பக்கம் ஒரு டீக்கடையில் போனிலிருந்த காட்சியைக் காட்டினேன். பெரியவர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது இங்க இல்லீங்க தம்பி. வாய்க்காலத் தாண்டிப் போகோணுமுங்க. ஆனா அந்த மரத்த வெட்டிப்போட்டாங்க." கூகுள் மேப்பில் இந்தத் தகவல் கிடைக்காது.

படத்தில் பார்த்த இடத்தை நேரில் பொருத்துவதுதான் இதில் சுவாரஸ்யமே. பலருக்கு ஏமாற்றமாக இருப்பதும் அங்கேதான். திரையில் மலை தோப்புக்குப் பின்னாலேயே எழுந்து நிற்கும், நேரில் எங்கோ தூரத்தில் கிடக்கும். தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் செய்யும் வேலை அது. பத்தடி முன்னால் போய்ப் பிரயோஜனமில்லை. நன்றாகப் பின்னால் வந்து, போனில் மூன்று மடங்கு ஜூம் வைத்துப் பாருங்கள், தோப்பும் மலையும் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சமும் முக்கியம். பொள்ளாச்சிக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் மலை இருப்பதால் காலை வெயில் மலை முகத்தில் நேராக விழும். சாயங்காலம் போனால் கறுத்த சுவர்தான்.

1992இல் வந்த 'தேவர் மகன்' படத்தின் பெரிய வீடு பொள்ளாச்சிப் பக்கத்துச் சிங்காநல்லூரில் இருக்கிறது. தனியார் சொத்து, அனுமதி கேட்காமல் உள்ளே நுழையாதீர்கள். ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் அதை எடுத்த விதத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால், வீட்டைவிட அதைச் சுற்றியுள்ள வெற்றிடம்தான் பிரமிப்பூட்டும். அடுத்த வருஷம் வந்த மலையாளப் படம் 'தேவாசுரம்' எடுக்கப்பட்ட வரிக்காசேரி மனை (பழைய நம்பூதிரி வீடு), ஒற்றப்பாலத்துக்குப் பக்கத்தில் மனிசேரியில். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போய்வர ஒரு நாள் பிடிக்கும். ஆடி மாதம் எதிர்க்காற்றில் ஸ்கூட்டர் திணறும், மைலேஜும் அடிவாங்கும்.

இனி குறைகள். மலைப்பாதைக்கு இது தோதான வண்டி இல்லை. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்தாக வேண்டும். இறங்கும்போது பைக் போல கியரைக் குறைத்து வேகத்தை அடக்க வழியில்லை, எல்லாச் சுமையும் பிரேக் தலையில்தான். சூடேறினால் பிடிப்பு குறையும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட் இருக்கிறது. ஆழியாறு அணையைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, பிரேக் ஆறின மாதிரியும் ஆச்சு. சின்னப் பின்சக்கரம் ஒவ்வொரு குழியையும் முதுகெலும்புக்குச் சொல்லி அனுப்பும். எஞ்சின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும் பெல்ட்டையும் ரோலரையும் பார்க்காமல் நீண்ட பயணம் கிளம்ப வேண்டாம், காட்டுக்குள் பெல்ட் அறுந்தால் தள்ளவும் ஆளில்லை.

போனை ஹேண்டில்பாரில் மாட்டுவதையும் விட்டுவிட்டேன். எஞ்சின் அதிர்வு போன் கேமராவில் படம் ஆடாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசேஷனைப் பாதிக்கலாம் என்று 2021இல் ஆப்பிளே எச்சரித்தது. லொகேஷன் தேடுபவனுக்கு மேப்பைவிடக் கேமராதான் பெரிது. வழி கேட்க டீக்கடை போதும்.

ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் டாப்ஸ்லிப் போகிறவர்கள் கவனிக்க: சேத்துமடை செக்போஸ்ட்டுக்கு மேல் டூவீலருக்கு அனுமதி இல்லை. பொள்ளாச்சியிலேயே வண்டியை நிறுத்திவிட்டு பஸ் பிடித்துவிடுங்கள். நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது, அடிக்கடி பஸ் கிடையாது.