கொல்லைக் கூடுகள் புத்தகமாக: பாலக்காட்டு அச்சகம் எப்படி?

வீட்டுக் கொல்லையில் எடுத்த குருவிக்கூட்டுப் படங்களைச் சிறுவர் படப்புத்தகமாக அடிக்க, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழர்கள் கோவைக்குப் போக வேண்டியதில்லை. பாலக்காடு டவுனில் உள்ள இந்தச் சிறு டிஜிட்டல் அச்சகம் 25, 50 பிரதிகளுக்கும் முகம் சுளிக்காமல் வேலை எடுக்கிறது. படங்கள் அருமையாக வருகின்றன. தமிழ் எழுத்தைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

புத்தகத்தை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், எழுத்தை வரிகளாக அடுக்கும் வழக்கமான பத்தி கம்போசரிலேயே கட்டிக் கொடுத்தால், 'தேன்சிட்டு' என்பதில் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், 'பொந்து' சிதறிவிடும். ஆபரேட்டருக்குத் தெரிந்தது மலையாளம், தமிழ்ப் பிழை அவர் கண்ணில் படாது. கம்போசரை, தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் 'வேர்ல்டு ரெடி'க்கு மாற்றி, எழுத்துருவை உள்ளே பதித்த பி.டி.எஃப். மட்டும் கொடுங்கள். மூலக் கோப்பைக் கொடுத்து "நீங்களே பார்த்துக்கோங்க சேட்டா" என்றால் அவர் கணினியில் எழுத்துரு இல்லாமல் வேறொன்று ஏறிவிடும். எழுத்து தனிக் கறுப்பில் இருக்கட்டும். நான்கு நிறமும் கலந்த கறுப்பானால், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பதிவது இம்மி விலகினாலும் 'ண'வின் சுழியில் நிழல் தட்டும்.

இங்கே ஓடுவது 13க்கு 19 அங்குலத் தாள். 8.5 அங்குலச் சதுரப் புத்தகத்தை விரித்தால் 17 அங்குலம்; தாளுக்கு ஒரு விரிப்புதான் ஏறும். 6 அங்குலச் சதுரம் என்றால் இரண்டு ஏறும், அச்சுக்கூலி ஏறக்குறைய பாதி. ஆனாலும் தையல்சிட்டு இலை விளிம்பில் போட்ட ஒவ்வொரு தையலும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமென்றால் பெரிய அளவுக்குச் செலவழிக்கலாம். வெட்டுக்கு நாற்புறமும் 3 மி.மீ. கூட்டி, 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில், அந்தப் பெரிய பக்கத்தின் ஒவ்வொரு ஓரத்துக்கும் சுமார் 2,620 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பிய படம் உதவாது.

கூட்டின் உள்பக்கம் அச்சில் கரிப்பிடித்ததுபோல் இருண்டுவிடுகிறது. திரை தானே ஒளிவிடுகிறது, தாள் அப்படியில்லை. சின்னான் கூட்டின் புள்ளி முட்டைகள் தெரிய வேண்டுமானால் படத்தின் இருண்ட பகுதியை மட்டும் வெளிச்சமாக்குங்கள். மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கினால் வானம் வெளுத்துப்போகும். தளிரின் பளிச்சுப் பச்சை மங்குவது அச்சகத்தின் குற்றமில்லை, நான்கு நிற அச்சின் எல்லை அது. வெளிச்சத்துக்காக இலையை ஒதுக்கிக் கட்டவே கூடாது. மறைப்பு போனால் காக்கைக்கும் செம்போத்துக்கும் கூடு காட்டிக்கொடுத்த மாதிரி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் கூட்டையோ முட்டையையோ குலைப்பதை வேட்டையோடு சேர்த்தே எண்ணுகிறது.

பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 24 சரியாக வரும். அட்டை தனி. நடுவில் பின் அடிக்கும் இந்தக் கட்டுமுறையில், ஒரே தாளில் விழும் விரிப்பு 12, 13 மட்டுமே. மற்ற விரிப்புகளில் இடப்பக்கம் ஒரு தாள், வலப்பக்கம் வேறு தாள், கோடும் நிறமும் கொஞ்சம் விலகும். பனைமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் வரிசையாகத் தொங்கும் அகலப் படம் இருந்தால் நடுவில் வையுங்கள், எந்தக் கூடும் மடிப்பில் விழாதபடி.

உள்ளே 170 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் கனம்) மேட், அதாவது பளபளப்பில்லாத, ஆர்ட் தாள், அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம்., மேட் லேமினேஷன். மடிக்கும் முன் கிரீசிங், அதாவது மடிப்புக்கான அழுத்தக் கோடு, போட வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் போடுவதில்லை, முதுகில் டோனர் (அச்சு மைத்தூள்) வெடித்து வெள்ளைக் கோடு விழுகிறது. இவ்வளவு நல்ல வேலைக்கு இது பெரிய குறை.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையவழி இலவசமாகப் பெறலாம். பார்கோடைப் பின்னட்டையில் வெள்ளைக் கட்டத்துக்குள் வையுங்கள். இலைப் பின்னணியில் ஸ்கேனர் திணறும்.

திரையில் காட்டும் புரூஃபை (சரிபார்ப்பு மாதிரியை) ஒப்புக்கொள்ள வேண்டாம். லேமினேஷன், பின் எல்லாம் சேர்த்து முழுப் பிரதி ஒன்று அடித்து வாங்கி, தமிழ்ப் படிக்கும் பிள்ளை ஒன்றை விட்டு உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகு மீதிப் பிரதிகளுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.