பெட் ஸ்கேனா, பிளாக்கா? மார்பகப் புற்றின் வகையைச் சொல்வது எது?

மார்பகப் புற்று வந்த பெரியம்மாவைக் குடியாத்தத்திலிருந்து வேலூருக்குக் கூட்டிக்கொண்டு அலைந்த நாட்களில், சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "பெட் ஸ்கேன் எடுத்தாச்சா?" கட்டியிலிருந்து எடுத்த சதையை மெழுகுக் கட்டியாக்கி (அதுதான் பிளாக்), அதில் புற்றின் அடையாளங்களைத் தேடும் மார்க்கர் பரிசோதனையைப் பற்றி ஒருத்தரும் விசாரிக்கவில்லை. காசு அதிகம் பிடிப்பதுதான் உண்மையைச் சொல்லும் என்று ஒரு நம்பிக்கை.

பெட் ஸ்கேன் என்பது கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, அது உடம்பில் எங்கே சேர்கிறது என்று படமெடுப்பது. வழக்கமாக ஏற்றும் எஃப்.டி.ஜி., குளுக்கோஸ் மாதிரியே இருக்கும் ஒரு பொருள். அதில் ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டியிருக்கும். புற்றுச் செல்கள் சர்க்கரையை அள்ளி விழுங்குவதை 1920களிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கண்டிருந்தார். எஃப்.டி.ஜி. செல்லுக்குள் போனதும் மேலே செரிக்க வழியில்லாமல் அங்கேயே தேங்கிவிடும். தேங்கிய இடம் படத்தில் மின்னும். புற்று இல்லாவிட்டாலும் மூளையும் மின்னும், சிறுநீர்ப்பையும் மின்னும். அது தெரியாமல் படத்தைப் பார்த்து அக்கா அழுதேவிட்டாள்.

முதல் தடவை ஸ்கேன் நடக்கவேயில்லை. காலையில் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 200ஐத் தாண்டி நிற்கிறது. "ஒரு வாய் காப்பிதான்டா குடிச்சேன்" என்றார் பெரியம்மா. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் கட்டிக்குள் மருந்து சரியாகப் போகாது. பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த மருந்தை எடுத்தும் வைக்க முடியாது. அதன் கதிரியக்கம் 110 நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். வேறு தேதி கொடுத்தார்கள்.

சரி, அந்த மினுமினுப்பை வைத்து வகையைச் சொல்லிவிடலாமா? ஓரளவு ஊகிக்கலாம். டிரிபிள் நெகட்டிவ் (இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரத மிகுதியும் இல்லாதது), ஹெர்2 பாசிட்டிவ் (அந்தப் புரதம் மிகுந்தது) கட்டிகள் பொதுவாக அதிகம் மின்னும். ஹார்மோன் ஏற்பி உள்ள, மெதுவாக வளரும் லூமினல் ஏ வகை மங்கலாக இருக்கும். பால் சுரப்பியில் தொடங்கும் லோபுலர் கட்டி பல சமயம் கண்ணுக்கே சிக்காது. ஆனால் மினுமினுப்பை அளக்கும் எஸ்.யு.வி. எண்கள் வகைக்கு வகை தனியாகப் பிரியாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பவை. கட்டியின் அளவு, ஊசிக்குப் பின் காத்திருந்த நேரம், மெஷின் என்று எதை மாற்றினாலும் எண்ணும் மாறும். அந்த எண்ணை நம்பி எந்த டாக்டரும் மாத்திரை எழுதுவதில்லை.

எழுதுவது பிளாக்கை நம்பித்தான். மெழுகில் பதித்த சதைத் துண்டைச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றுவார்கள். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பி இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பாகும். நூற்றுக்கு ஒரு செல் பழுப்பானாலே பாசிட்டிவ். ஹார்மோன் மாத்திரை பற்றிப் பேசலாம். ஹெர்2 3+ என்றால் செல்களைச் சுற்றி கோழிக்கூண்டுக் கம்பிவலை போல அடர்பழுப்புக் கோடு விழும். ஹெர்2வைக் குறிவைக்கும் டிரஸ்டுஸுமாப் ஊசிக்கு வழி திறக்கும். 2+ என்று இரண்டுங்கெட்டானாக வந்தால், ஹெர்2 மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை வரை இழுக்கும். கி-67 என்ற மார்க்கர் எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று சொல்லும். அதன் எல்லைக்கோடு எது என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, அதனால் நடுத்தர எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

மார்க்கரும் ஏமாற்றும். பெரியம்மாவின் முதல் பயாப்ஸிச் சதையை ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எடுத்து, சலைனில் போட்டு எங்கள் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள். டப்பா பஸ்ஸில் மடியில் இருந்தது. சதையை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள், சதை கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட வேண்டும், 6 மணியிலிருந்து 72 மணி நேரம் வரை அதில் ஊற வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்? கெட்டுப்போன சதையில் இருக்கிற ஏற்பியும் இல்லாத மாதிரி காட்டும். மறுபடி ஊசி, மறுபடி வலி.

பிளாக் தோற்கும் இடம் ஒன்று உண்டு. பயாப்ஸி தொட்டது ஒரே ஒரு புள்ளி. எலும்பிலோ கல்லீரலிலோ பரவியது வேறு குணத்தோடு இருக்கலாம், எல்லாவற்றையும் குத்திப் பார்க்க முடியாது. உடம்பு முழுதும் ஒரே பார்வையில் தெரிவது பெட்டில்தான். ஆரம்பக் கட்டச் சின்னக் கட்டிக்கு அது வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. மூன்றாம் கட்டம், பரவியிருக்குமோ என்ற சந்தேகம், அப்போது காசு வீணில்லை.

இரண்டுக்கும் நடுவில் எஃப்.இ.எஸ். என்று ஒரு பெட் ஸ்கேன் மருந்து வந்திருக்கிறது. 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சர்க்கரைக்குப் பதில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியையே தேடிப்போய் ஒட்டும் மருந்து. ஆனால் கல்லீரல் தானாகவே மின்னுவதால் அங்கிருக்கும் புள்ளி மறைந்துவிடும்.

இப்போதைக்குக் கையில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் நான் மார்க்கருக்குத்தான் கொடுப்பேன். அப்புறம், வேறு டாக்டரிடம் போவதாக இருந்தால் பிளாக்கை எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரியம்மாவுடையது ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவரில், அவர் மஞ்சப்பைக்குள் ரேஷன் கார்டோடு இருக்கிறது.