பெலேமில் அரை நாள்: முதலில் பஷ்டெல், பிறகு மடாலயம்

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் எந்தத் தெருமுனைப் பேக்கரிக்குப் போனாலும் பஷ்டெல் டி நாட்டா, அதாவது மொறுமொறுப்பான மாவு ஓட்டுக்குள் முட்டைக் கஸ்டர்ட் நிரப்பிச் சுட்ட சின்ன இனிப்பு, கிடைக்கும். பல இடங்களில் நன்றாகவும் இருக்கும். அப்படியிருக்க, டிராம் பிடித்து நகரின் மேற்கே இருக்கும் பெலேம் பகுதி வரை போய் ஒரே ஒரு கடை வாசலில் வரிசை கட்டுவது தேவையா? காலை 8 மணிக்குப் போனால் தேவைதான். 11 மணிக்கு மேல் என்றால் யோசிக்க வேண்டும்.

அந்தக் கடைதான் பஷ்டெய்ஸ் டி பெலேம், 1837-இல் தொடங்கியது. பக்கத்து ஜெரோனிமோஸ் மடாலயத்தின் துறவிகளிடமிருந்து வந்த செய்முறை இது. 1834-இல் போர்ச்சுகல் அரசு மடங்களை மூடியபோது மடத்துச் சமையலறை கடைத்தெருவுக்கு வந்தது. துணிக்குக் கஞ்சி போட வெள்ளைக்கரு செலவாகி, மிஞ்சிய மஞ்சள் கருவெல்லாம் இனிப்பானது என்று சொல்வார்கள். செய்முறை இன்றும் ரகசியம். மாவும் கஸ்டர்டும் மூடிய அறைக்குள் தயாராகின்றன. 'பெலேம்' என்ற பெயர் இந்தக் கடைக்கு மட்டுமே உரியது, மற்றவர்கள் விற்பதெல்லாம் 'நாட்டா'.

வித்தியாசம் வெளியே இருக்கும் மாவு ஓட்டில்தான். கடித்தால் அப்பளம்போல் நொறுங்குகிறது, லேசாக உப்புக் கரிக்கிறது. உள்ளே இருக்கும் கஸ்டர்ட் மற்ற கடைகளைவிடத் தித்திப்புக் குறைவு. மேலே தெரியும் கரும்புள்ளிகளைப் பார்த்துக் கருகிவிட்டது என்று ஒதுக்க வேண்டாம். கடும் சூட்டில் சர்க்கரை பிடித்த நிறம் அது. மேசையில் இருக்கும் பட்டைத்தூளைத் தாராளமாகவும் சர்க்கரைப் பொடியைக் கொஞ்சமாகவும் தூவிக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு சொல்லுங்கள், ஒன்று போதாது. கூடவே 'பிக்கா', அதாவது சின்னக் கோப்பையில் வரும் கெட்டிக் காப்பி. பால் வேண்டுமென்றால் 'கலாவ்' என்று கேளுங்கள்.

பலரும் ஏமாறுவது வரிசையில். தெருவில் நீளும் வரிசை பார்சலுக்கு. உட்கார்ந்து சாப்பிடுபவர்கள் அதைத் தாண்டி உள்ளே போகலாம். நீல ஓடு பதித்த அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், வெளியே கூட்டம் தெரிந்தாலும் உள்ளே இடம் கிடைத்துவிடும்.

அடுத்து மடாலயம். 1501-இல் தொடங்கிய கட்டுமானம் ஏறக்குறைய நூறு ஆண்டு நீண்டது. ஆப்பிரிக்கா, ஆசியா வணிகத்தின் மீது விதித்த 5 சதவீத வரிதான் இதற்குப் பணம். மிளகுக் காசில் எழுந்த கட்டடம் என்றே சொல்லலாம். 1755 நிலநடுக்கத்தில் நகரின் பெரும்பகுதி சரிந்தும் இது நின்றது. இங்கேயும் இரண்டு வரிசை: தேவாலயத்துக்கு ஒன்று, உள்முற்றத்துக்கு ஒன்று. டிக்கெட் உள்முற்றத்துக்குத்தான். நேரம் குறித்து இணையத்திலேயே எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது அந்த இரண்டடுக்கு உள்முற்றம்தான். தூண்களில் முறுக்கிய கப்பல் கயிறு, இலை, விலங்கு என்று செதுக்கல்கள். ஒரு தூண் போல் இன்னொன்று இல்லை. கீழே ஒரு சுற்று வந்துவிட்டு மேலே போங்கள். மேல்தளத்திலிருந்து தேவாலயத்தின் பாடகர் மாடத்துக்கு வழி திறந்திருந்தால் விடாதீர்கள். மெல்லிய தூண்கள் மேலே பனைமட்டைபோல் விரிந்து கூரையைத் தாங்குவது அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும்.

தேவாலயத்துக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் வாஸ்கோ ட காமா கல்லறை. 1524-இல் கொச்சியில் இறந்தவரின் எச்சங்கள் 1880-இல்தான் இங்கே வந்து சேர்ந்தன. கல்லறைச் சிற்பமும் 19-ஆம் நூற்றாண்டு வேலைதான், பழைய பாணியில் செய்தது. பீடத்தின் அருகே அரசர்களின் கல்லறைகளைச் சுமந்து நிற்கும் பளிங்கு யானைகளை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை.

போக 15ஈ டிராம் வசதி, ஆனால் நெரிசலில் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். கைஷ் டு சொட்ரே நிலையத்திலிருந்து ரயிலும் உண்டு. எல்லா ரயிலும் பெலேமில் நிற்காது, பலகையைப் பார்த்து ஏறுங்கள். டிராம், ரயில் கட்டணத்துக்கான 'நவெகாந்த்' பயண அட்டை வாங்கினால் ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒரே அட்டையில் இருவர் போக முடியாது. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும் பில் உண்டு. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பார்சல் வாங்கினால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். கஸ்டர்டின் ஈரம் இறங்கி ஓடு தோல்போல் ஆகிவிடும். சூடு பண்ண வேண்டுமென்றால் ஓவனில் சில நிமிடம் வைக்கலாம். மைக்ரோவேவில் வைத்தால் மிச்சமிருக்கும் மொறுமொறுப்பும் போய்விடும்.